பதினாறு டிரம்

ராஜபாளையம் பஸ் நிலையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸை விட்டு இறங்கி நாலு எட்டுகூட வைத்திருக்க மாட்டாள். அசீனாவின் காலடியில் ஒருத்தி காறித் துப்பினாள்.

துப்பியது பரிபூரணம். அசீனா வேலை பார்க்கும் அதே நூல் மில்லில் கோன் வைண்டிங் பகுதியில் இருப்பவள். போன வாரம் வரை எதிரில் பார்த்தால் தலைவலிக்கு மாத்திரை கேட்பாள். டாக்டர் பட்டம் வாங்கியவள் என்றால் ஊசி போடுகிற டாக்டர் என்றுதான் மில்லில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள்.

"என்ன பரிபூரணம், என்ன ஆச்சு?"

"எங்க வயித்துல அடிச்சுட்டு என்ன ஆச்சுன்னா கேக்கீய? நீங்கள்லாம் நல்லா இருப்பீயளா?"

கூட வந்த பெண்கள் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது அவர்களும் திரும்பிப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. அசீனா ஒரு வாரம் பெங்களூரில் ஒரு கணித மாநாட்டுக்குப் போய்விட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தாள். தான் இல்லாதபோது என்ன நடந்தது என்று தெரியாமலே வேகமாக நடந்தாள்.

மில் வாசலில் கூட்டம் நின்றது. அவளைக் கண்டதும் வழிவிட்டது. அறிவிப்புப் பலகையில் புதுத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. "டாக்டர் அசீனா அவர்களின் ஆராய்ச்சி முடிவின்படி, கோன் வைண்டிங் பகுதியில் இனி ஒவ்வொருவரும் பத்து டிரம்முக்குப் பதில் பதினாறு டிரம் கவனிக்க வேண்டும்."

அவள் அதை இரண்டு முறை படித்தாள். காது மடல் சுட்டது. அவள் அப்படிச் சொல்லவே இல்லை.

*

அசீனாவின் அத்தா அபுதாஹிர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இரும்புக் கடை வைத்திருந்தார். ஆணி, கொண்டி, கிணற்று வாளி. மகள் மதுரையில் கணக்குப் படிக்கப் போகிறேன் என்றபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து புத்தி சொன்னார்கள். அவர் எல்லாரையும் உட்காரவைத்து டீ கொடுத்து அனுப்பிவிட்டு, மகளை பஸ் ஏற்றிவிட்டார். அவள் எம்.எஸ்ஸி. முடித்தாள். பிறகு வரிசைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தாள். ரேஷன் கடையில் நிற்கிற வரிசை, டெலிபோன் இணைப்புக்குக் காத்திருக்கிற வரிசை, எதுவாக இருந்தாலும் எப்போது நீளும், எப்போது கரையும், எப்போது கரையாமலே போகும் என்பதை நிகழ்தகவு வைத்துச் சொல்கிற கணிதம் அது.

எண்பத்தைந்தில் மில் முதலாளி வைகுண்டராஜ் அவளை வேலைக்கு எடுத்தார். வெளிநாட்டு மில்களில் எல்லாம் கணிதம் படித்தவர்களை ஆராய்ச்சிக்கு வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தவர். ஸ்டோருக்குப் பக்கத்தில் அவளுக்கு ஓர் அறை கொடுத்தார். அதில் ஒரு கம்ப்யூட்டரும் அது சூடாகாமல் இருக்க ஏ.சி.யும் வைத்தார். யார் மில்லைச் சுற்றிப் பார்க்க வந்தாலும் கடைசியில் அந்த அறைக்குக் கூட்டிவந்து, "இது எங்க ரிசர்ச்" என்பார். அசீனா பெரும்பாலான கணக்கைப் பென்சிலில்தான் போட்டாள். வந்தவர்கள் கம்ப்யூட்டரைத்தான் பார்த்தார்கள்.

வைண்டிங் பகுதியைப் பற்றிய ஆராய்ச்சி அவளே எடுத்துக்கொண்டது. சின்னச் சின்னக் கண்டுகளில் இருக்கும் நூலைப் பெரிய கோன்களில் சுற்றுவது அங்கே வேலை. கோனைச் சுழற்றும் உருளைக்கு டிரம் என்று பெயர். நூல் அறுந்தால் அந்த டிரம் சும்மா ஓடும். பெண்கள் ஓடிப்போய் முடிச்சுப் போட்டால்தான் மறுபடி நூல் ஏறும். ஒருத்திக்குப் பத்து டிரம். அசீனா வாரக்கணக்கில் தங்கபாய் என்கிற பெண்ணின் பின்னால் கடிகாரத்தோடு நின்றாள். தங்கபாய் தளவாய்புரத்துக்காரி, முப்பத்தைந்து வயது, வெடுக்கென்று பேசுவாள்.

"ஒண்ணுக்குப் போனாலும் நேரம் குறிப்பீயளோ?"

"அது கணக்குல வராது."

"அப்பம் அங்க போயி செத்த நேரம் உக்காந்துக்கிடுதேன்."

இருவரும் மத்தியானம் சேர்ந்துதான் சாப்பிட்டார்கள். தங்கபாய் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பில் அசீனாவுக்குப் பங்கு உண்டு.

ஆராய்ச்சியின் முடிவு அசீனாவுக்கே பிடித்திருந்தது. பஞ்சு நல்ல பஞ்சாக, கலவை மாறாமல் இருந்தால் நூல் அரிதாகத்தான் அறும். அப்போது ஒருத்தி பதினாறு டிரம் வரை பார்க்கலாம். கலவையில் கழிவுப் பஞ்சு சேர்ந்தால் பத்துக்கு மேல் ஒன்றுகூடக் கூடாது. கூட்டினால் நூல் அறுந்து காத்திருக்கிற டிரம்களின் வரிசை நீண்டுகொண்டேதான் போகும். மனிதக் கை அதைப் பிடிக்கவே முடியாது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். முதலாளி எதிரில் உட்கார்ந்து தமிழிலும் சொல்லியிருந்தாள். அவர் தலையாட்டிக் கேட்டிருந்தார்.

*

வைகுண்டராஜ் அறைக்குள் அவள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள்.

"வாங்க அம்மாயி. பெங்களூர் எப்படி இருந்துச்சு? உக்காருங்க." மனம் சந்தோஷமாக இருந்தால் அவர் வீட்டுத் தெலுங்கில், பொண்ணே என்கிற மாதிரி, அம்மாயி என்றுதான் கூப்பிடுவார்.

"நிக்கிறேன் சார். நான் எழுதுனதுல பாதிதான் வாசல்ல ஒட்டியிருக்கு."

"போர்டுல தீசிஸையா ஒட்ட முடியும்?"

"நல்ல பஞ்சா இருந்தாத்தான் பதினாறுன்னு சொன்னேன். இப்ப கலவையில என்ன போடுறீங்கன்னு எனக்குத் தெரியும். கழிவு கலந்துதான் ஓடுது. இதுல பத்துக்கு மேல ஒரு டிரம் கூடாது."

"பஞ்சு விலை தெரியுமா உங்களுக்கு? நல்ல பஞ்சை மட்டும் போட்டா மில்லை மூடிட்டு நானும் நீங்களும் அய்யனார் கோவில் அருவியில போய்க் குளிச்சுக்கிட்டு இருக்கலாம்." அவர் சிரித்தார். "நீங்க குடுத்த கணக்குத்தானே. அந்தப் பொம்பள கை பத்து நிமிஷத்துல ஆறு நிமிஷம்தான் வேலை செய்யுதுன்னு எழுதியிருந்தீங்க. மிச்ச நாலு நிமிஷத்துக்கு நான் சும்மா சம்பளம் கொடுக்கணுமா?"

"அது சும்மா இல்ல சார்!" குரல் உயர்ந்துவிட்டது. வெளியே டைப் அடிக்கிற சத்தம் நின்றது. "நூலு ஒண்ணு ஒண்ணா வரிசையில நின்னு அறாது. செத்த நேரம் ஒண்ணுமே அறாது. பொறவு அஞ்சாறு டிரம்ல ஒண்ணா அறும். அந்த நாலு நிமிஷம் கையில இருந்தாத்தான் அதை எடுத்துக் கட்ட முடியும். அதையும் பிடுங்கிட்டா எப்ப கட்டுவா? ஒரு தடவை பின்னால விழுந்தா ஷிப்ட் முடியற வரைக்கும் எந்திரிக்க முடியாது. இதைத்தான் சார் நான் மூணு வருஷமா போட்டுப் பார்த்தேன். இந்த ஒரு விஷயத்தைத்தான்."

வைகுண்டராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மாயி போய்விட்டது.

"டாக்டர், கணக்கு உங்களோடது. மில்லு என்னோடது. உங்க வேலை முடிஞ்சிருச்சு. இனிமே என் வேலை."

"அப்ப என் பேரை அதுல இருந்து எடுத்துருங்க."

"எப்படி எடுக்க? உங்க பேருக்குத்தானே உங்களுக்குச் சம்பளமே. நான் சொன்னா சண்டைக்கு வருவானுங்க. டாக்டர் சொன்னா கேப்பானுங்க."

அவள் வெளியே வந்தாள். நேராக வாசலுக்குப் போய், பேனாவை எடுத்து, அந்த அறிவிப்பின் அடியில் இருந்த வெற்றிடத்தில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: நல்ல பஞ்சு போட்டால் மட்டும். இந்தப் பஞ்சுக்குப் பத்துதான். அடியில் தன் பெயரைப் போட்டாள். வாட்ச்மேன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானத்துக்குள் பலகையில் புதுத் தாள் ஒட்டிவிட்டார்கள். இந்த முறை அதன்மேல் கண்ணாடிக் கதவும் பூட்டும் வந்திருந்தன.

*

பதினாறு டிரம் ஓடத் தொடங்கியது. பத்து நாளில் வைண்டிங் கூடம் அடையாளம் தெரியாமல் போனது. எந்தப் பக்கம் பார்த்தாலும் நூல் ஏறாத டிரம்கள் வெறுமனே சுழன்றுகொண்டிருந்தன. பெண்கள் நடக்கவில்லை, ஓடினார்கள். ஒரு முனையில் முடிச்சுப் போட்டு நிமிர்ந்தால் மறுமுனையில் மூன்று அறுந்திருக்கும். அவசரத்தில் போட்ட முடிச்சு அவிழும். மேஸ்திரி பின்னாலேயே நின்று கத்துவார். கோன்களில் குறை அதிகமாகி, வாங்கியவர்கள் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள்.

அசீனா தன் அறையில் உட்கார்ந்து வரைபடம் வரைந்தாள். அவள் சொன்ன அதே வளைவு, சொன்ன இடத்தில் திரும்பி, மேலே ஏறிக்கொண்டு போனது. அவள் வாழ்க்கையில் எந்தக் கணக்கும் இவ்வளவு துல்லியமாகப் பலித்ததில்லை. அவளுக்கு அந்தத் தாளைக் கிழித்துப் போட வேண்டும்போல இருந்தது.

ஒரு திங்கட்கிழமை தங்கபாய் வேலைக்கு வந்தாள். முதல் பத்து டிரம்மை ஓட்டினாள். மீதி ஆறையும் ஒவ்வொன்றாக நிறுத்தினாள்.

மேஸ்திரி ஓடிவந்தார். "ஏட்டி, என்ன செய்யுத?"

"கண்ணு தெரியலையா? ஆறை நிப்பாட்டியிருக்கேன்."

"யாரைக் கேட்டு?"

"எம் ரெண்டு கையைக் கேட்டு."

அன்று மத்தியானத்துக்குள் இன்னும் ஏழெட்டுப் பெண்கள் அதேபோல நிறுத்தினார்கள். மறுநாள் நிர்வாகம் ஒவ்வொருத்தியையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசியதும் மற்றவர்கள் பயந்து மறுபடி ஓட்டினார்கள். பரிபூரணமும் ஓட்டினாள், அவளுக்கு மூன்று பிள்ளைகள், புருஷன் படுக்கையில். தங்கபாய் மட்டும் ஓட்டவில்லை. அவளைத் தற்காலிகமாக நீக்கி, வேண்டுமென்றே உற்பத்தியைக் குறைத்தாள், மேலதிகாரிக்குக் கீழ்ப்படியவில்லை என்று குற்றப்பத்திரிகை கொடுத்தார்கள். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். ஒருத்தி பதினாறு டிரம் பார்க்க முடியும் என்று நிரூபிக்க நிர்வாகத் தரப்பில் ஒரு சாட்சி போட்டார்கள்.

அந்தச் சாட்சி அசீனா.

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வந்துருங்க டாக்டர்," என்றார் வைகுண்டராஜ். "முடியுமான்னு கேப்பாங்க. முடியும்னு சொல்லணும். அதுல பொய் ஒண்ணும் இல்லையே."

அன்று வீட்டில் அவள் சாப்பிடவில்லை. அபுதாஹிர் கடையை அடைத்துவிட்டு வந்து, விஷயம் முழுவதையும் அவளைச் சொல்ல வைத்தார். பிறகு கேட்டார்.

"யாரு பக்கம் பேசப் போற?"

"யாரு பக்கமும் இல்ல அத்தா. என்ன உண்டோ அதைச் சொல்வேன்."

"அதைச் சொன்னா அவுக அதையும் ஒரு பக்கம்னுதாம்மா சொல்வாக. தெரிஞ்சுக்கிட்டுப் போ."

*

மில்லுக்குள் விசாரணை வைத்தால் கூட்டம் கூடும் என்று, விசாரணை அதிகாரியாக நியமித்த வக்கீல் சுயம்புலிங்கத்தின் அலுவலகத்திலேயே வைத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் பின் தெருவில் ஒரு வீட்டின் முன்னறை. மேசைக்கு ஒரு பக்கம் வக்கீலும் டைப்பிஸ்டும் மில்லின் மேலாளரும். எதிர் பெஞ்சில் தங்கபாயும், சங்கச் செயலாளர் தவசிமுத்துவும். தங்கபாய் அசீனாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சுயம்புலிங்கம் மரியாதையாகத் தொடங்கினார். படிப்பு, பட்டம், வேலை எல்லாவற்றையும் கேட்டு டைப் அடிக்கச் சொன்னார். பிறகு கேட்டார்.

"ஒரு தொழிலாளி பதினாறு டிரம் கவனிக்க முடியுமா, முடியாதா?"

"நல்ல பஞ்சுல வந்த நூலா இருந்தா முடியும். இப்ப ஓடுற நூலுக்கு முடியாது."

வக்கீல் டைப்பிஸ்ட் பக்கம் திரும்பினார். "முடியும் என்று சாட்சி கூறினார். அடிங்க."

டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. அசீனா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிச்சத்தையும் அடிக்கச் சொல்லுங்க சார்."

"கேட்ட கேள்விக்குப் பதில் வந்துருச்சும்மா."

"இது என் பதில் இல்ல. என் பதில்ல பாதி."

"விசாரணையில எது தேவை, எது தேவையில்லைன்னு முடிவு செய்யறது நான்."

அவள் எழுந்து நின்றாள். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "சார், உங்க வாசல்ல ஒரு நாளைக்கு எம்புட்டுக் கட்சிக்காரங்க வாராங்க?"

"அது எதுக்கு இப்ப?"

"இருபது பேருன்னு வச்சுக்கோங்க. இருபது பேரையும் நீங்க பார்த்துருவீங்க, நேரம் மிச்சமே இருக்கும். நாளைக்கு நான் வந்து, உங்களுக்கு நேரம் மிச்சம் இருக்குது, முப்பத்திரெண்டு பேரைப் பாருங்கன்னு சொல்றேன். அதுவும் வர்றவங்க எல்லாரும் ரெட்டை மடங்கு சிக்கலான கேஸோட வாராங்க. பாதிப் பேரு கோர்ட் திறக்கறதுக்கு முந்தின அரை மணி நேரத்துல ஒண்ணா வந்து நிக்காங்க. நீங்க பார்க்க முடியாம ரெண்டு கேஸு தோத்துப்போச்சு. உடனே உங்களைக் கூண்டுல ஏத்தி, இவரு வேணும்னே தோத்தாருன்னு சொல்றேன். சம்மதமா?"

தவசிமுத்து வாய்விட்டுச் சிரித்தார். மேலாளர் முகம் கறுத்தது. சுயம்புலிங்கம் டைப்பிஸ்டிடம், "இது எதையும் அடிக்க வேண்டாம்," என்றார். தாளை உருவி அவள் முன் வைத்தார். "கையெழுத்துப் போடுங்க."

"போட மாட்டேன்."

"டாக்டர், நிர்வாகத் தரப்புச் சாட்சியா வந்துட்டு..."

"நான் மூணு வருஷம் வேலை செஞ்சு கண்டுபிடிச்ச ஒரே விஷயம், பதினாறு எப்ப முடியாதுங்கறது. முடியுங்கறதைச் சொல்ல ஆராய்ச்சி எதுக்கு? அதை யாரு வேணும்னாலும் சொல்லலாம். நீங்க என் பேரை வச்சுக்கிட்டு என் கணக்கைத் தூக்கிப் போடுறீங்க. கேட்டா டாக்டர் சொன்னாங்கம்பீங்க. நான் சொல்லல. சொல்லல. சொல்லவே இல்லை."

அவள் வெளியே வந்து, தெருவில் நின்ற வேப்பமர நிழலில் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுகை இல்லை, வியர்வைதான். பின்னால் தங்கபாய் வந்து நின்றாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்றுதான் அசீனா நினைத்தாள்.

"இதை இங்க வந்து நாலு சுவத்துக்குள்ள சொல்லுதீய. நான் ஆறு டிரம்மை நிப்பாட்டுன அன்னிக்கு வைண்டிங்ல வந்து எம் பக்கத்துல நின்னு சொல்லியிருந்தா என்ன? நீங்க ஏ.சி. ரூம்ல இருந்தீய."

"நோட்டீஸ்ல எழுதுனேன், தங்கபாய்."

"எங்கள்ல எத்தனை பேருக்கு வாசிக்கத் தெரியும்?"

தங்கபாய் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் நிலையம் பக்கம் நடந்தாள்.

*

தங்கபாயை வேலையை விட்டு எடுத்தார்கள். அதே மாதத்தில், ஆராய்ச்சிப் பிரிவு மூடப்படுகிறது என்று அசீனாவுக்கும் கடிதம் வந்தது. கம்ப்யூட்டரைக் கணக்குப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஏ.சி. முதலாளி வீட்டுக்குப் போனது.

அடுத்த இரண்டு வருடம் சுற்று வட்டாரத்தில் எந்த மில்லும் அவளை உள்ளே விடவில்லை. ஒரு மேலாளர் மட்டும் நேரடியாகச் சொன்னார்: "உங்க கணக்கு வேணும்மா. நீங்க கூட வருவீங்களே, அதுதான் பிரச்சினை." அவள் டுட்டோரியலில் பத்தாம் வகுப்புத் தோற்றவர்களுக்கு அல்ஜீப்ரா நடத்தினாள். ராத்திரிகளில் வைண்டிங் கணக்கை இன்னும் பொதுவாக்கி, பஞ்சு மாறிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று தேற்றமாக நிறுவி, ஒரு கணித இதழுக்கு அனுப்பினாள். அது வெளிவந்தது. ராஜபாளையத்தில் யாரும் படிக்கவில்லை. கோயம்புத்தூரில் ஒருவர் படித்தார்.

அது ஒரு இயந்திரத் தொழிற்சாலை. தானாக முடிச்சுப் போடும் வைண்டிங் இயந்திரம் ஒன்றை அவர்கள் வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். டிரம்களுக்கு முன்னால் தண்டவாளம்போல ஒன்று. அதில் ஒரு சின்ன வண்டி ஓடும். நூல் அறுந்த இடத்தில் நின்று தானே முடிச்சுப் போட்டுவிட்டு நகரும். ஒரு வண்டிக்கு எத்தனை டிரம் கொடுக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அசீனாவை அழைத்தார்கள். தொண்ணூற்றொன்றில் அவள் மறுபடியும் தொழிற்சாலை ஒன்றின் ஆராய்ச்சிக் கணிதவியலாளர் ஆனாள்.

முதல் கூட்டத்தில், அந்த வண்டி பத்து நிமிஷத்துக்கு நாலு நிமிஷமாவது சும்மா நிற்க வேண்டும் என்று சொன்னாள். சண்டை வரும் என்று எதிர்பார்த்து, பதில்களைத் தயாராக வைத்திருந்தாள். இஞ்சினியர்கள் தலையாட்டி, எழுதிக்கொண்டு, அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். ஒருவர்கூடச் சும்மாவா என்று கேட்கவில்லை. அவள் அன்று அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு மேசையைக் கையால் ஓங்கி அடித்தாள். கை வீங்கிப்போனது.

வேலை நீக்கத்தை எதிர்த்துத் தங்கபாய் போட்ட வழக்கு மதுரையில் நடந்தது. மில் தரப்பு வாய்தா மேல் வாய்தா வாங்கியது. சாட்சி சொல்ல அசீனா கோயம்புத்தூரிலிருந்து மூன்று முறை வந்து, மூன்று முறையும் வெறுமனே திரும்பினாள். நான்காவது முறை கூண்டில் ஏறினாள். மில்லின் வக்கீல் இளைஞர், சாமர்த்தியசாலி. கணக்கைத் தொடவே இல்லை.

"உங்களை வேலையை விட்டு நிறுத்தினாங்க, இல்லையா?"

"ஆமா."

"அதனால நிர்வாகத்து மேல உங்களுக்குக் கோபம்."

"கோபம்தான். அதுக்கு முன்னாலயே வந்த கோபம்."

"அந்தக் கோபத்துல சாட்சி சொல்றீங்க."

"ஆமா சார், கோபத்துலதான் சொல்றேன். கோபம் வந்தா கூட்டல் மாறிப்போகுமா? பேப்பரைக் கொடுங்க, இங்கேயே போட்டுக் காட்டுறேன். நீங்களும் போடுங்க. உங்களுக்குக் கோபம் இல்லையே. என்ன விடை வருதுன்னு பார்ப்போம்."

நீதிபதி குனிந்து ஏதோ எழுதினார். இளைஞர் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார்.

*

தொண்ணூற்றைந்தில் தீர்ப்பு வந்தது. தங்கபாயை வைண்டிங் பகுதியிலேயே மறுபடி வேலைக்கு வைக்க வேண்டும். செய்தியைத் தவசிமுத்து போனில் சொன்னபோது அசீனா சிரித்தாள். அத்தாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

ஆறு மாதம் கழித்து அவளுடைய தொழிற்சாலை அந்தத் தானியங்கி இயந்திரங்களில் நான்கை ராஜபாளையத்துக்கு விற்றது. வாங்கியவர் வைகுண்டராஜ். இயந்திரத்தை ஓட்டிக் காட்ட இஞ்சினியரோடு கணிதவியலாளரும் போக வேண்டியிருந்தது. போக மாட்டேன் என்று முதலில் சொன்னாள். பிறகு போனாள்.

வைண்டிங் கூடத்தில் பழைய இயந்திரங்கள் இல்லை. பழைய பெண்களும் இல்லை. இயந்திரம் வந்ததும் பரிபூரணம் உட்பட எல்லாரையும் கணக்கு முடித்து அனுப்பிவிட்டதாக ஒரு எலெக்ட்ரீஷியன் சொன்னார். அசீனா புது இயந்திரத்தின் மேல் கை வைத்தாள். அது அவளுடைய கணக்கில் ஓடுவது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

வைகுண்டராஜ் நரைத்திருந்தார். இஞ்சினியரோடு நின்றவளிடம் பழசு எதுவும் நடக்காததுபோல வந்தார். "வாங்க அம்மாயி. வண்டி ஒண்ணுக்குப் பத்து டிரம்னு வச்சிருக்கீங்க. சரியான கணக்கு. கூட்ட வேண்டாம்னு பசங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

"பஞ்சு கலவை தாழ்ந்தாலும் கூட்ட மாட்டீங்களா?"

"கூட்டக் கூடாதுல்ல. மிஷின் தாங்காதே."

அவள் அவரையே பார்த்தாள். "அப்ப தங்கபாய்க்கு மட்டும் ஏன் சார் கூட்டுனீங்க?"

"பழைய கதை எதுக்கு இப்ப?" என்றார். பிறகு, அவள் நகரவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, எரிச்சலோடு சொன்னார். "இந்த மிஷின் போனா இன்னொண்ணு வாங்க நான் பேங்க்ல போய் நிக்கணும். ஆளு போனா வாசல்ல நாலு பேரு நிக்கிறான். இது கூடவா உங்களுக்குக் கணக்குத் தெரியாது?"

அசீனா அவரை விட்டுத் திரும்பினாள். "தங்கபாய் எங்க?" என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டாள். அவர் பின்பக்கம் கை காட்டினார்.

கழிவுப் பஞ்சுக் கொட்டகையில், முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, தங்கபாய் தரையில் உட்கார்ந்து பஞ்சு பிரித்துக்கொண்டிருந்தாள். இமையெல்லாம் தூசி.

"வைண்டிங்ல வைக்கணும்னுதான தீர்ப்பு?"

தங்கபாய் துணியை இறக்கினாள். "வைண்டிங் எங்க இருக்கு? அதைத்தான் நீங்க மிஷினா செஞ்சு கொண்டாந்துட்டீயளே." அவள் இருமினாள். "ஏழு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தேன். திரும்பி வந்தா குப்பை பிரிக்கச் சொல்லுதாவ. உங்களுக்கு இப்பவும் ஏ.சி. ரூம்தான?"

"ஆமா," என்றாள் அசீனா. "எந்திரி."

"எங்க?"

"எந்திரிங்கறேன்."

தங்கபாயைக் கூட்டிக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள். வைகுண்டராஜ் இஞ்சினியரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"சார், இது என்ன பகுதி?"

"ஏன், வைண்டிங்."

"தீர்ப்புலயும் வைண்டிங்னுதான் இருக்கு. இந்த மிஷினைப் பார்த்துக்கிட ஆளு வேணும். இவங்க பார்ப்பாங்க."

"அதுக்குப் பத்தாப்புப் படிச்ச பையன்களை எடுத்திருக்கேன். நீங்க வந்த வேலையைப் பாருங்க."

"சரி சார். அப்ப நான் மதுரைக்கு மறுபடி வாரேன். இந்தத் தடவை இந்த மிஷின் கணக்கையும் கொண்டு வாரேன். அதே பஞ்சு, அதே நூலு. மிஷினுக்குப் பத்து, பொம்பளைக்குப் பதினாறு. நீங்க இப்ப என்கிட்ட சொன்னதையும் சொல்லுவேன். இஞ்சினியர் சாரும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னாரு."

இஞ்சினியர் தன் ஷூவைப் பார்த்தார். இல்லை என்று சொல்லவில்லை.

வைகுண்டராஜின் கழுத்து நரம்பு எழும்பி அடங்கியது. "உங்களை வேலைக்கு எடுத்தேன் பாருங்க," என்றார். "செய்யுங்க. என்னவும் செய்யுங்க." கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

அந்த வாரம் முழுவதும் அசீனா ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தா வீட்டில் தங்கி, தினமும் வந்து தங்கபாய்க்கு இயந்திரத்தைச் சொல்லிக்கொடுத்தாள். தங்கபாய் ஒரு நாளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தேவையானதை மட்டும் கேட்டாள். சிவப்பு விளக்கு எதுக்கு? வண்டி நடுவுல நின்னா யாரைக் கூப்பிடணும்? பரிபூரணத்தையும் மற்றவர்களையும் திரும்ப எடுப்பார்களா என்று ஒரு முறை கேட்டாள். எடுக்க மாட்டார்கள் என்று அசீனா சொன்னாள். அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அசீனாவும் தன்னை நியாயப்படுத்தி எதுவும் சொல்லவில்லை. சொல்ல இருந்த எதுவும் அவளுக்கே சரியாகப் படவில்லை.

கடைசி நாள், தங்கபாய் தானாகவே பொத்தானை அழுத்தி நான்கு இயந்திரங்களையும் ஓடவிட்டாள். கூடம் அதிர்ந்தது. அசீனா தண்டவாளத்தை ஒட்டி நின்று டிரம்களைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"தள்ளி நில்லுங்க," என்றாள் தங்கபாய், அவள் பக்கம் திரும்பாமலே. "வண்டி வருது."